எச்.ஐ.வி. தடுப்புக்கு வளர்ச்சித் திட்டத்தில் எந்த இடம்? நீலகிரியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 ஏப்ரலில் தொடங்கி 2026 மார்ச்சுடன் முடியும்படி வகுக்கப்பட்டது. ஏறத்தாழ 15,472 கோடி ரூபாய் மதிப்புள்ள அத்திட்டத்தின் செலவு முழுவதும் ஒன்றிய அரசினுடையது. பதினாறாவது நிதிக்குழுவின் ஐந்தாண்டுக் காலமும் அதே 2026 ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஒரு திட்டக் காலமும் ஒரு நிதிக் காலமும் இப்படி ஒருசேர மாறும்போது மாவட்ட அளவில் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. தடுப்பையும் சிகிச்சையையும் இதுவரை போலத் தனித் திட்டமாகவே நடத்துவதா, பொதுச் சுகாதாரப் பணிகளுக்குள் இணைத்துவிடுவதா, அல்லது எல்லாத் துறைகளும் பங்கேற்கும் வளர்ச்சித் திட்டத்தின் ஓர் அங்கமாக்குவதா? சமவெளி மாவட்டம் ஒன்றுக்குப் பொருந்தும் விடை மலைக்குப் பொருந்தாது என்பதால், நீலகிரியின் நிலத்தையும் தொழிலையும் மனிதர்களையும் கண்முன் வைத்தே இம்மூன்றையும் ஒப்பிட விரும்புகிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வு அது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. பிற மாநிலங்களுக்கு அதுவே முன்மாதிரி. 2001-இல் இங்கே கருவுற்ற தாய்மார்களிடையே தொற்று 1 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நாட்டிலேயே அதிகப் பாதிப்புள்ள ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்றாக இருந்தது. ஆணுறைப் பயன்பாடு, பாலியல் தொழிலாளர்களிடையே நடந்த இடைவிடாத பணி, லாரி ஓட்டுநர்களுக்கான முகாம்கள், 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் தொடங்கிய இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) ஆகியவற்றால் அந்த அலை அடங்கியது. அடங்கியதாலேயே இன்று மாவட்டக் கூட்டங்களில் இந்த நோயின் பெயர் உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1-ஆம் தேதி உறுதிமொழியோடு நின்றுவிடுகிறது.

நீலகிரியில் நோய் மீண்டெழுந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நாடு முழுவதற்குமான மதிப்பீட்டின்படி 2010-க்கும் 2023-க்கும் இடையில் ஆண்டுப் புதிய தொற்றுகள் 44 விழுக்காடு குறைந்துள்ளன. ஆனால் இதே காலத்தில் திரிபுரா, பஞ்சாப் போன்ற மாநிலங்களில் அவை கூடியிருக்கின்றன. மிசோரத்தில் வயது வந்தோரிடையே தொற்று 2.73 விழுக்காடு. தேசிய சராசரி இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் நோய் தலைதூக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தணிந்த இடத்தில் மீண்டும் எழ எவை காரணமாகின்றன என்று தெரிந்துகொண்டால்தான் மூன்று வழிகளில் எது அந்தக் காரணங்களைத் தொடுகிறது என்று எடைபோட முடியும். அதற்கு உகாண்டாவை விரிவாகப் பார்க்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் உகாண்டாவில் வயது வந்தோருள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் 1987-லேயே தங்களுக்கென ஓர் ஆதரவு அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். அதிபர் யோவேரி முசேவேனி பொதுக்கூட்டங்களில் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1992-இல் எல்லா அமைச்சகங்களையும் ஒருங்கிணைக்க எய்ட்ஸ் ஆணையம் அமைந்தது. 2004–05 ஆய்வில் தொற்று 6.4 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. உலகமே மேற்கோள் காட்டிய வெற்றி அது. ஆனால் 2011-இல் எடுத்த ஆய்வில் அது 7.3 விழுக்காடாக உயர்ந்திருந்தது, பெண்களிடையே 8.3, ஆண்களிடையே 6.1. மருந்தினால் ஆயுள் நீளும்போது தொற்றுடன் வாழ்வோர் விகிதம் உயர்வது இயல்பே என்று அதை விளக்கிவிட முடியாது. புதிய தொற்றுகளும் கூடியிருந்தன.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. மருந்து வந்ததும் அச்சம் குறைந்தது. அச்சம் குறைந்ததும் தடுப்புப் பேச்சு அடங்கியது. தொற்று திருமணமானவர்களிடையேயும் நீண்டகால உறவுகளிலும் பரவத் தொடங்கிய பிறகும், பிரசாரம் இளைஞர்களைப் பார்த்துத் திருமணம் வரை பொறுத்திருக்கச் சொல்வதிலேயே நின்றது. விக்டோரியா ஏரிக்கரை மீனவக் குடியிருப்புகளைப் போல, ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் இடங்களில் நோய் வேரூன்றியது. 2003-இல் அமெரிக்கா தொடங்கிய எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்தின் பணம் பெருமளவில் வந்தது. அதனால் எத்தனையோ உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதில் ஐயமில்லை, ஆனால் சொந்த நிதிநிலை அறிக்கையில் இந்த நோய்க்கென ஒதுக்கும் பழக்கம் அந்நாட்டில் வேர்விடவில்லை.

நோய் மீண்டெழுந்ததைக் கண்ட உகாண்டா அதைத் தன் தேசிய வளர்ச்சித் திட்டங்களுக்குள் கொண்டுவந்தது. 2010, 2015, 2020 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று ஐந்தாண்டுத் திட்டங்களிலும் எச்.ஐ.வி. எல்லாத் துறைகளையும் ஊடுருவும் பொதுப் பிரச்சினையாக எழுதப்பட்டது. 2017-இல் அதிபரே முன்னின்று 2030-க்குள் எய்ட்ஸை முடிவுக்குக் கொண்டுவரும் விரைவு முயற்சியைத் தொடங்கினார். 2018-19 நிதியாண்டிலிருந்து ஒவ்வொரு அமைச்சகமும் ஓய்வூதியம் போன்ற இனங்களைக் கழித்து மீதியுள்ள தன் ஒதுக்கீட்டில் 0.1 விழுக்காட்டை எச்.ஐ.வி. பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஆணையும் வந்தது. இடையில் 2016–17 ஆய்வில் தொற்று ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அந்த இறக்கத்துக்குப் பெரிதும் காரணம் மருந்து பரவலாகக் கிடைத்ததும், கர்ப்பிணிகள் அனைவருக்கும் சிகிச்சை அளித்ததும் என்றே நான் கருதுகிறேன். அத்தியாயம்தோறும் திட்ட ஆவணத்தில் இடம்பெற்ற ஒரு பத்தியால் அது நிகழ்ந்திருக்க முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியதும், அடுத்த சில வாரங்களிலேயே தனி எச்.ஐ.வி. மருத்துவமனைப் பிரிவுகளைப் பொதுப் புறநோயாளர் பிரிவுகளோடு இணைக்கும்படி உகாண்டாவின் சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஆலோசித்து, ஊழியர்களைப் பயிற்றுவித்துச் செய்திருக்க வேண்டிய இணைப்பு அங்கே நெருக்கடியில் நடந்தது.

தாய்லாந்தின் வழி வேறு. 1991-இல் ஆனந்த் பன்யாரச்சுன் பிரதமராக இருந்தபோது எய்ட்ஸ் குழு பிரதமரின் தலைமையின் கீழ் வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய ஏழாவது தேசியப் பொருளாதார, சமூக வளர்ச்சித் திட்டத்தில் எய்ட்ஸ் திட்டம் இடம்பெற்றது. அங்கே சொல்லப்பட்டது குறிப்பிட்ட ஒரு செயல்: பாலியல் தொழில் நடக்கும் எல்லா இடங்களிலும் விதிவிலக்கின்றி ஆணுறை. அதை யார் கண்காணிப்பது என்பதும் வகுக்கப்பட்டிருந்தது; செலவில் பெரும்பங்கு அந்நாட்டின் சொந்தப் பணம். 1991-இல் ஏறத்தாழ 1,40,000 ஆக இருந்த ஆண்டுப் புதிய தொற்றுகள் 2003 வாக்கில் ஏறத்தாழ 20,000 ஆயின. 1997 நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்பட்டது தடுப்புச் செலவுதான் என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். திட்டத்தில் சேர்ப்பது மட்டுமே ஒரு செலவுக்குக் காப்பாகிவிடாது.

இனி நீலகிரிக்கு வருவோம். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 மக்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், தனியார் எஸ்டேட்டுகள், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகள், கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகள், சீசன் மாதங்களில் மலையேறி வரும் சுற்றுலா வாகனங்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு பழங்குடிகள் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே இந்த மாவட்டம். அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம் போன்ற வட மாநிலங்களிலிருந்து வந்து தேயிலை பறிக்கும் குடும்பங்களும் தனியாட்களும் எஸ்டேட்டுகளில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் எந்த மாநிலத்திலிருந்து வந்தார்கள் என்பதில் ஆபத்து எதுவும் இல்லை. மொழி தெரியாத ஊரில், குடும்பத்தைப் பிரிந்து, எந்த மருத்துவமனையில் யாரிடம் என்ன கேட்பது என்று அறியாமல் வாழ நேர்வதில்தான் இருக்கிறது. சீசன் முழுவதும் வண்டியிலேயே உறங்கும் ஓட்டுநருக்கும், மூன்று மாநிலங்கள் சந்திக்கும் கூடலூர்ச் சாலையில் இரவு நிறுத்தும் லாரிக்காரருக்கும், விடுதியில் தற்காலிக வேலை பார்க்கும் இளைஞருக்கும் இதுவே நிலை. இவ்விதத்தில் விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து இந்த மலை அதிகத் தொலைவில் இல்லை.

தனித் திட்டமாகவே தொடர்வது என்ற முதல் வழிக்கு வலுவான நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் நம்பிக்கை மையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்கிறார். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் அவர் பேசுகிறார். முடிவை அவரும் சம்பந்தப்பட்டவரும் மட்டுமே அறிகிறார்கள். ஏ.ஆர்.டி. மையத்தில் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை என்ற அளவுக்கு எளிதாகிவிட்ட கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தவறாமல் உட்கொண்டு இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஒருவர் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வதே இன்னொருவருக்கான தடுப்பும் ஆகிறது. மருந்துக் கொள்முதல், இருப்பு, கிருமி அளவுப் பரிசோதனை ஆகியவை மாவட்டத்தின் விருப்பு வெறுப்புகளுக்கு ஆட்படாமல் ஒரே ஒழுங்கில் நடப்பது தனித் திட்டத்தால்தான். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்த உகாண்டாவுக்கு நேர்ந்த அதிர்ச்சி நமக்கு அதே வடிவில் நேராது என்பதும் உண்மை.

ஆனால் இந்தத் திட்டம் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. கூடலூரிலிருந்து உதகை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பந்தலூரின் எல்லையோரச் சிற்றூர்களிலிருந்து இன்னும் தொலைவு. மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ அன்றைய பயணம் கெட்டது. பச்சைத் தேயிலையை எடைபோட்டுக் கூலி வாங்கும் ஒருவருக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலியில்லாத நாள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் 2024-இல் மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது பெரிய உதவி. அது பேருந்துக் கட்டணத்தைத் தீர்க்கிறது, இழந்த கூலியைத் தீர்ப்பதில்லை, ஆண்களுக்கும் உதவுவதில்லை. மருந்தை இடையில் நிறுத்துபவர்களில் பலர் அறியாமையால் நிறுத்துவதில்லை. அவர்கள் நிறுத்தியது மாத்திரையைப் போலத் தோன்றினாலும், உண்மையில் கைவிட்டது அந்தப் பயணத்தை. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் எந்த விதியாலும் எஸ்டேட் நிர்வாகத்தின் வருகைப் பதிவேட்டைத் தொட முடியாது.

இரண்டாவது வழி, பொதுச் சுகாதாரத்துக்குள் இணைப்பது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவே மலைக்கு மிகவும் ஏற்றது. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாழ்நாள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டிய எச்.ஐ.வி.யையும் அதே பையில் சேர்த்துவிட்டால் தொலைவு என்ற தொல்லையே இல்லை என்று கூட்டங்களில் சொல்லப்படுவதுண்டு. கூடலூரில் 1990 முதல் இயங்கிவரும் ஆதிவாசி மருத்துவமனையின் அனுபவத்தையும் இதற்கு ஆதரவாகக் காட்டலாம். பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி, அரிவாள் அணுச் சோகை போன்ற வாழ்நாள் நோயை வீடு வீடாகப் பின்தொடர முடியும் என்று அவர்கள் நிறுவியிருக்கிறார்கள். மருந்தைவிட நம்பிக்கைதான் முதலில் ஊருக்குள் போக வேண்டும் என்பதை அந்தப் பணி காட்டுகிறது.

ஆனாலும் இந்த வழியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஓர் ஹட்டியில் அறுபது எழுபது வீடுகள், எல்லோரும் உறவு. லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரின் மைத்துனி அடுத்த தெருவில் இருப்பாள். யாரும் கெட்டவர்கள் அல்லர். எந்த மாத்திரை, எதற்காக என்று அவர்கள் அக்கறையோடுதான் கேட்பார்கள். அந்த அக்கறையிலிருந்தே செய்தி ஊரெங்கும் பரவும். பரவிய பிறகு திருமணப் பேச்சு நிற்கும், பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் சேர்வது நிற்கும், கோயில் காரியத்தில் அழைப்பு நிற்கும். சமவெளி நகரத்தில் அருகில் இருக்கும் மையம் வசதி; மலையில் அருகில் இருப்பது பலருக்கு அச்சம். தெரிந்த முகம் தென்படாத கோயம்புத்தூருக்கு இறங்கிப் போவதையே ஒருவர் விரும்புகிறார் என்றால், அது அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. தன் குடும்பத்தைக் காக்க அவர் எடுத்த தெளிவான முடிவு அது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய சம்மதமின்றி அவருடைய நிலையை வெளியிடக் கூடாது என்கிறது அது. கேள்வி கேட்கும் அண்டைவீட்டாரை எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது.

இணைப்பு எங்கே வெற்றி பெறும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. கருவுற்ற எல்லாத் தாய்மாருக்கும் மற்றப் பரிசோதனைகளோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படுகிறது. எல்லோருக்கும் செய்வதால் யாரும் தனித்துக் காட்டப்படுவதில்லை. தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு எந்தத் தடுப்பும் இல்லாவிட்டால் 15 முதல் 45 விழுக்காடு வரை. முறையான சிகிச்சையால் அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர முடியும். காசநோயாளிகள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதும் இதே வகையைச் சேர்ந்தது. பரிசோதனையை எவ்வளவு பொதுவாக்குகிறோமோ அவ்வளவு நல்லது. சிகிச்சையை எங்கே பெறுவது என்பதைச் சம்பந்தப்பட்டவரிடமே விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் இணைப்பு என்று அழைப்பதனால்தான் விவாதம் குழம்புகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி, எல்லாத் துறைகளிலும் கலப்பது. நீலகிரிக்கு இதில் ஒரு முன்வரலாறு உண்டு. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வந்த மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம், மலை மாவட்டத்துக்கென்று தனிக் கணக்கில் பணம் ஒதுக்கும் முறையை இங்கே கொண்டுவந்தது. தேசிய ஐந்தாண்டுத் திட்டங்கள் 2017-உடன் முடிந்துவிட்டாலும், மாவட்டத் திட்டக் குழுவும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டமும் ஏட்டில் இருக்கின்றன. உகாண்டாவின் 0.1 விழுக்காட்டு விதியை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். நூறு கோடி செலவிடும் ஒரு துறைக்குப் பத்து லட்சம் கிடைக்கும். தோட்டக்கலைத் துறைக்கு அந்தப் பணத்தில் என்ன செய்வது என்று தெரியாது; ஒரு பேரணி, ஒரு கருத்தரங்கு, எய்ட்ஸ் விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு நாடா அச்சிட்ட பைகள் என்று அது தீர்ந்துவிடும். நெடுஞ்சாலைத் துறை ஒரு பலகை வைக்கும். ஆண்டு இறுதியில் எல்லாத் துறைகளும் நூற்றுக்கு நூறு செலவழித்ததாக அறிக்கை வரும். பந்தலூர்த் தொழிலாளி இழந்த கூலியில் ஒரு ரூபாய்கூட ஈடாகியிருக்காது. எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்த பொறுப்பு யார் கையிலும் இருப்பதில்லை.

கிராம சபையில் இதைப் பேச வேண்டும் என்போருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். நோயைப் பற்றிய பொதுவான பேச்சுக்கு அது நல்ல இடம். பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் இடமாக அது ஒருபோதும் ஆகக் கூடாது. இந்த மாவட்டத்தில் 2019 இறுதியில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத காலத்தில் எழுதப்படும் ஊராட்சித் திட்டத்தில் மக்களின் குரல் எவ்வளவு இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆயினும் மூன்றாவது வழியின் அடிப்படை சரியானது. உகாண்டாவில் நோயை மீண்டும் எழுப்பிய காரணங்கள் மருத்துவமனைக்கு வெளியே இருந்தன. இங்கே எழுந்தாலும் வெளியிலிருந்துதான் எழும். ஆகவே மருந்தும் ஆலோசனையும் தனித் திட்டத்தில் அப்படியே இருக்கட்டும். பரிசோதனை பொதுச் சுகாதாரத்துக்குள் முழுமையாகப் போகட்டும். வளர்ச்சித் திட்டம் எல்லாத் துறைகளையும் இழுக்காமல், நோயின் போக்கை உண்மையிலேயே மாற்றக்கூடிய ஐந்து துறைகளிடம் நான்கு வேலைகளை மட்டும் ஒப்படைக்கட்டும். மூன்று வழிகளையும் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

முதல் வேலை தொழிலாளர் துறையினுடையது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது எஸ்டேட் நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையின் நீட்சியாக, நீண்டகால மருந்து உட்கொள்ளும் எவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூலியுடன் ஒரு நாள் விடுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். நோயின் பெயர் அதில் இருக்கவே கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், காசநோய், எச்.ஐ.வி. அனைத்தும் ஒரே விடுப்பில் அடங்க வேண்டும். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று எச்.ஐ.வி. சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. பெரிய எஸ்டேட்டுகளில் அந்த நியமனம் நடந்திருக்கிறதா என்று தொழிலாளர் ஆய்வாளர் தம் வழக்கமான ஆய்வில் கேட்டாலே போதும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு தோட்டங்கள் அந்தப் பழைய சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருந்தன. அங்கே கூலிக்குப் போகிறவர்களுக்கு விடுப்பால் பயனில்லை. அவர்களுக்குப் பணமாகத்தான் தர வேண்டும்.

அந்தப் பணமே சமூக நலத்துறையின் வேலை. காசநோயாளிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. அந்த வழி இங்கேயும் பொருந்தும். சிறப்பு அட்டை எதுவும் கூடாது. நோயின் பெயர் தாங்கிய அட்டையை நெரிசலான பேருந்தில் நடத்துநரிடம் நீட்ட எவருக்கும் மனம் வராது. வங்கிப் பதிவிலும் பொதுவான ஒரு பெயரே இருக்க வேண்டும். செலவு அச்சுறுத்துவது அன்று. ஓர் எடுத்துக்காட்டுக்கு, 500 பேர் ஆண்டுக்கு நான்கு முறை வருவதாகவும், ஒரு முறைக்குக் கூலியும் பயணமும் சேர்த்து 800 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்குப் 16 லட்சம் ரூபாய் ஆகும். ஒரு மாவட்டத்தின் ஆண்டுச் செலவில் இது கண்ணுக்குத் தெரியாத தொகை.

மூன்றாவது வேலையைச் சுற்றுலாத் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்தே செய்ய முடியும். சீசனில் உதகையிலும் குன்னூரிலும் வாடகை வண்டி ஓட்டுநர்கள் படுக்கவும் குளிக்கவும் இடமில்லாமல் வண்டியிலேயே இரவைக் கழிக்கிறார்கள். கட்டில், கழிப்பறை, வெந்நீர், மாலையில் மட்டும் இயங்கும் ஒரு பொது மருத்துவ அறை ஆகியவை கொண்ட ஓய்விடம் உதகையிலும் கூடலூரிலும் ஒவ்வொன்று அமைந்தால், ஆணுறையும் பரிசோதனையும் அங்கே தாமாக இடம்பெறும். லாரி ஓட்டுநர்களுக்காகத் தமிழ்நாடு முன்பு செய்த பணி அப்படித்தான் பலித்தது. எய்ட்ஸ் என்று பலகை வைத்த இடத்துக்கு எந்த ஓட்டுநரும் வரமாட்டார்.

பழங்குடியினர் நலத்துறைக்கு உரிய வேலை, பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்குப் போகும் நடமாடும் மருத்துவக் குழுக்களில் அந்தந்தச் சமூகத்துப் பணியாளர் ஒருவரையாவது நிலையான ஊதியத்தில் வைப்பது. இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை; எப்படிச் செய்வதென்று இந்த மாவட்டத்துக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. ஐந்து துறைகளை ஒருங்கிணைப்பது ஆட்சியரின் மாதாந்திர ஆய்வில் இடம்பெறாவிட்டால் நடக்காது. ஆட்சியர் மாறினால் தொய்வு வரும். பணம் பெறுவோர் பட்டியல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இரகசியம் உடையும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அப்பட்டியல் ஏ.ஆர்.டி. மையத்திலேயே இருந்து, தொகை மட்டும் அங்கிருந்து கோரப்பட வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்களை வேலைக்குச் சேர்க்கும்போதே பரிசோதிக்கலாமே என்ற யோசனை எங்காவது எழும்; சம்மதமின்றிப் பரிசோதிப்பதைச் சட்டம் தடுக்கிறது, அப்படிப் பரிசோதித்தால் மக்கள் மறைந்தே வாழ்வார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி அதை மறுக்க வேண்டும். இந்தி பேசும் ஓர் ஆலோசகரைச் சீசன் மாதங்களிலாவது நம்பிக்கை மையத்தில் அமர்த்துவது பல மடங்கு பயன் தரும்.

எதை அளக்கிறோம் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். நடந்த கூட்டங்கள், பங்கேற்ற மாணவர்கள், ஒட்டிய சுவரொட்டிகள் ஆகியவற்றின் கணக்கை மாவட்ட அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம். தொற்று உறுதியான நாளுக்கும் மருந்து தொடங்கிய நாளுக்கும் இடையில் எத்தனை நாட்கள், மருந்துக்கு வர வேண்டிய நாளில் வராதவர்கள் எந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள், தொற்றுள்ள கர்ப்பிணியின் கணவர் பரிசோதனைக்கு வந்தாரா என்னும் மூன்றையும் பெயரின்றி வட்டவாரியாக மாதந்தோறும் பார்த்தால், நோய் எங்கே எழத் தொடங்குகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். உகாண்டாவில் உயர்வு தெளிவாகத் தெரிய 2011 ஆய்வு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான்கில் ஒன்றுக்கு மட்டுமே இந்த நிதியாண்டில் பணம் உண்டென்றால், மருத்துவமனைக்குப் போகும் நாளின் கூலியையும் பயணத்தையும் ஈடுசெய்வதையே முதலில் எடுக்க வேண்டும். அதற்குப் புதுக் கட்டடமோ புதுப் பணியிடமோ தேவையில்லை. இப்போது சிகிச்சையில் இருப்பவர்களைச் சிகிச்சையிலேயே நிறுத்திவைப்பதால் புதிய தொற்றையும் நேரடியாகத் தடுக்கிறது. கூலியுடன் கூடிய விடுப்புக்குப் பணமே வேண்டாம், பேச்சுவார்த்தைதான் வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் தொழிற்சங்கங்கள் அதைக் கோரிக்கையாக வைக்கலாம். பழங்குடிக் குழுவுக்கான பணியாளரை அதற்கு அடுத்த ஆண்டிலும், ஓட்டுநர் ஓய்விடத்தை நிலம் கிடைக்கும்போதும் தொடங்கலாம்.